சேற்றுக்குள் நிற்கும் மரத்தின் மூச்சு



தூய ஆவியார் பெருவிழாவான இன்று 104ஆம் திருப்பாடலைப் பாடினோம். மூச்சுள்ள எதுவும் அதைத் தானாக உண்டாக்கிக்கொள்ளவில்லை, கடவுளிடமிருந்தே பெறுகிறது என்பதுதான் அதன் சாரம். மனிதரைப் பற்றி மட்டும் அது பேசவில்லை. லெபனோன் மலை மரங்களும் கொக்கும் வரையாடும் கடலில் வாழ்கிறவையும் அதில் வருகின்றன.

லெபனோனுக்கு நாம் போக வேண்டியதில்லை. மண்டைதீவுக் கரையிலும் சரசாலைக் குருவிக்காட்டிலும் கண்ணா மரம் நிற்கிறது. அதன் அடியில் கால் வைத்தால் முழங்கால் வரை கருஞ்சேறு. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். ஒட்சிசன் இல்லாத மண்ணின் நாற்றம் அது. வேருக்கும் சுவாசம் வேண்டுமே! அதனால் அந்த மரம் வேர்களில் ஒரு பகுதியை மேல்நோக்கி அனுப்புகிறது. மரத்தைச் சுற்றிப் பென்சில்களை நட்டுவைத்ததுபோல், சாண் உயரத்தில், நூற்றுக்கணக்கில் நிற்கின்றனவே, அவைதான் சுவாச வேர்கள். ஒன்றைக் குனிந்து பாருங்கள். தோலெங்கும் சின்னச் சின்னப் பொருக்குகள் தெரியும், அவை பட்டைவாய்கள். நீர் ஏறி மூடும்போது வேர் உள்ளிருக்கும் ஒட்சிசனைச் செலவழிக்கிறது, உள்ளே அமுக்கம் குறைகிறது. நீர் வற்றியதும் வெளிக்காற்று தானாக உள்ளே பாய்கிறது. அந்தக் காற்றிலும் ஒரு பங்கு வேர் வழியே கசிந்து, செத்த சேற்றுக்குப் போய்ச் சேர்கிறது.

மரம் காபனீரொட்சைட்டைச் சுவாசிக்கிறது என்று பரீட்சையில் எழுதுகிற பிள்ளைகள் இன்றும் உண்டு. அப்படியல்ல. வெயிலில் இலை அந்த வாயுவை எடுப்பது உணவு சமைக்க. ஒட்சிசனை வெளிவிடுவதும் அப்போதுதான். சுவாசம் வேறு. அது இரவும் பகலும் நம்மைப்போலவேதான். சந்தையில் மீனின் பூவைத் திறந்து சிவப்புப் பார்த்து வாங்குகிறோமே, அந்தச் சிவப்பு, நீரிலுள்ள ஒட்சிசனை எடுக்க வந்த இரத்தம். மரத்துக்கும் மீனுக்கும் நமக்கும் தேவை ஒன்றே.

நற்செய்திக்கு வருவோம். சீடர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். பதுங்குகுழிக்குள் குடும்பமாக ஒடுங்கிக் கிடந்தவர்களுக்கு அந்த அறையின் புழுக்கத்தை நான் விளக்கத் தேவையில்லை. அங்கே வந்த இயேசு அவர்கள்மேல் ஊதுகிறார். ஊதிய கையோடு பாவமன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார். ஏன் மன்னிப்பு?

சிலிண்டர் இல்லாமல் சங்கு குளிக்கிறவர்களைக் கேளுங்கள். மூச்சை அடக்கும்போது நெஞ்சு முதலில் தவிப்பது ஒட்சிசன் தீர்ந்ததால் அல்ல; வெளியே விடாத காபனீரொட்சைட்டு உள்ளே சேர்வதால். அண்ணன் தம்பி காணி எல்லைக்காகப் பத்து வருடம் பேசாமல் இருக்கிற வீடுகளில் நடப்பதும் அதுதான். தூய ஆவியைத் தாரும் என்று மன்றாடிக்கொண்டே பழைய கோபத்தை விடாமல் வைத்திருந்தால், உள்ளே வர அவருக்கு இடம் ஏது? இனியாவது ஒருவர் முதலில் வாய் திறக்கலாம்.

இன்னொரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன்; பாவசங்கீர்த்தனத்தில் இதை யாரும் சொல்வதில்லை. வீட்டுக் குப்பையைப் பையில் கட்டிக் கடலேரிக் கரையில் வீசுகிறோம். கட்டட இடிபாட்டைக் கொட்டிக் கரையை மேடாக்குகிறோம். சுவாச வேர்களை மூடிவிட்டால் கண்ணா மரம் மூச்சடைத்துச் சாகும், கோடரி தேவையில்லை. அந்த வேர்களுக்கிடையில் ஒதுங்கி வளரும் இறால் குஞ்சும் நண்டும் போனால், வலை வெறுமையாக வரும்.

வருகிற சனி காலை நம் இளைஞர்கள் கரையைத் துப்புரவு செய்யப் போகிறார்கள். பெரியவர்களும் வாருங்கள். வேர்களை மிதிக்காமல் நடவுங்கள், பொலித்தீனைக் கையால் எடுங்கள். பேசாமல் இருக்கிற அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.