அரைத்து விட்டால் கணக்குத் தீருமா?

திருவண்ணாமலையில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அடுப்பங்கரையைப் புதுப்பிக்கிறார்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், உணவுக் கழிவை அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பும் இயந்திரத்தைப் பொருத்தலாமா என்று யோசிக்கிறார்கள். "இது மார்க்கத்தில் கூடுமா?" என்று நம்மிடம் கேட்டார்கள்.

இந்த இயந்திரம் புதிதல்ல. 1927-ல் அமெரிக்காவின் ரசீன் நகரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கியது. சுழலும் தட்டு கழிவைத் தேய்த்துக் கூழாக்கும். குழாய் நீர் அதை அடித்துச் செல்லும். காய்கறித் தோலையும் பழத் தோலையும் இப்படி அப்புறப்படுத்துவதில் குற்றமில்லை. சுத்தம் ஈமானைச் சேர்ந்ததல்லவா? ஆனால், செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் அந்தக் கூழ் அங்கேயே தேங்கி, தொட்டி சீக்கிரம் நிரம்பும். இதையும் கவனிக்க வேண்டும்.

நமது கவலை தோலைப் பற்றியதல்ல. சஹனில் மிஞ்சும் சோற்றைப் பற்றியது. கீழே விழுந்த கவளத்தையும் எடுத்து, தூசி நீக்கி உண்ணும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் உள்ளது என்பதை நாம் அறியோம் என்றும் உணர்த்தினார்கள். 2022-ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. நாமோ கல்யாணப் பந்தியை மட்டும் குறை சொல்கிறோம்!

"முன்பு கழுநீர்ப் பானையில் ஊற்றினோம், மாட்டுக்காரர் எடுத்துப் போனார். இப்போது யார் வருகிறார்கள்?" என்று அந்த வீட்டுத் தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பானை இன்னொரு வேலையும் செய்தது. நேற்று எவ்வளவு மிஞ்சியது என்பதை அது கண்ணில் காட்டியது. மறுநாள் உலையில் ஒரு பிடி அரிசி குறைந்தது. இயந்திரமோ அரை நிமிடத்தில் சாட்சியை அழித்துவிடுகிறது. நம் கண்ணுக்கு மறைந்தது அல்லாஹ்வின் கணக்கிலிருந்தும் மறையுமா?

ஆகவே நாம் சொன்னது இது: ஒரு மாதம் பொறுங்கள். சமைத்த உணவில் மிஞ்சுவதைத் தனிப் பாத்திரத்தில் போட்டு, தினமும் பாருங்கள். கெடுமுன் அண்டை வீட்டுக்குக் கொடுங்கள். கெட்ட பின் கொடுப்பது தருமமாகாது. பாத்திரம் காலியாகும் நாளில் இயந்திரத்தை வாங்குங்கள். அப்போது அது தோலை மட்டுமே அரைக்கும். ஒருவேளை, அது தேவையில்லை என்றும் தோன்றலாம்.

வீண்விரயத்தை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.