இரத்தக்கல்

கறுப்பாய், கண்ணாடிபோல் மினுங்குகிற ஒரு கல். கையில் எடுத்தால் அதன் அளவுக்குப் பொருந்தாத பாரம்; சாதாரண கருங்கல்லைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் மெருகிடாத ஓட்டின் பின்புறத்தில் அதை உரசினால் விழுவது கறுப்புக் கோடல்ல, காய்ந்த இரத்தத்தின் நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டினால்தான் கிரேக்கர் அதற்கு இரத்தத்தின் பெயரை வைத்தார்கள். ஹெமற்றைற் என்று உலகம் சொல்வதும், ஜேர்மன்காரர் 'புளூட்ஷ்ரைன்', அதாவது இரத்தக்கல் என்று சொல்வதும் அதனால்தான். இரசாயனவியலில் அது இரும்பு ஒட்சைட்டு. நிறையில் 70 வீதம் இரும்பு. எங்கள் கோயில் மதில்களில் வெள்ளைக்குப் பக்கத்தில் ஓடுகிற காவிப் பட்டையின் சிவப்பும் இதே பொருளின் மண் வடிவந்தான்.

இந்தக் கல்மணிகளைக் கோத்த கைச்சங்கிலிகளும் மாலைகளும் ஐரோப்பிய நகரங்களின் நத்தார்ச் சந்தைகளில் சில யூரோவுக்குக் கிடைக்கும். கல்லோடு ஒரு துண்டுக் காகிதமும் தருவார்கள். இரத்தத்தைச் சுத்திகரிக்கும், இரத்தச்சோகையைப் போக்கும், மூட்டு நோவைத் தணிக்கும், நல்ல நித்திரை தரும், பயத்தை அகற்றும் என்று அதில் இருக்கும். அடியில், கண்ணுக்கு எட்டாத எழுத்தில், 'இது வைத்தியரின் சிகிச்சைக்கு மாற்றீடு அல்ல' என்றும் இருக்கும். மேலே சொன்னதை எல்லாம் சட்டத்துக்காகக் கீழே திரும்பப் பெற்றுக்கொள்ளும் இந்தக் காகிதத்தைப் போல நேர்மையற்ற இலக்கியம் வேறொன்றை நான் கண்டதில்லை. அரசியல் அறிக்கைகளைத் தவிர.

நம்பிக்கை பழையது. எகிப்தியர் சின்னஞ்சிறு தலையணை வடிவத்தில் இக்கல்லைச் செதுக்கி இறந்தவரோடு வைத்தார்கள். பபிலோனியர் இதில் உருளை முத்திரை செய்தார்கள். றோமர் ஆட்சிக்கால எகிப்தில், கருப்பையின் உருவத்தையும் அதைப் பூட்டித் திறக்கும் சாவியையும் செதுக்கிப் பெண்கள் அணிந்தார்கள். இன்னொரு வகைத் தாயத்து என்னைக் கூடுதலாகத் தொட்டது. ஒரு பக்கத்தில், குனிந்து அரிவாளால் கதிர் அறுக்கும் மனிதன். மறுபக்கத்தில் 'இடுப்புக்கு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நாரி நோவுக்கான தாயத்து. யாரோ ஒருவன் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டு, இரவில் இதைத் தடவியபடி படுத்திருக்கிறான்.

கி.பி. 79இல் இறந்துபோன பிளினி தன் இயற்கை வரலாற்றில் சகாலியாஸ் என்ற பபிலோனியனைப் பற்றிச் சொல்கிறார். மித்ரிடேட்டஸ் மன்னனுக்கு நூல்களை அர்ப்பணித்த அந்த ஆள், இந்தக் கல் கண்ணுக்கும் ஈரலுக்கும் நல்லது என்றதோடு நிற்கவில்லை. வழக்காடுவோருக்கும், அரசனிடம் மனுக் கொடுப்போருக்குங்கூட உதவும் என்றானாம். அகதி விண்ணப்பம் எழுதிய எங்களுக்கு இந்தச் செய்தி காலம் பிந்தித்தான் கிடைத்திருக்கிறது.

கல்லால் எதுவும் நடப்பதில்லை என்பதை விரைவாகச் சொல்லிவிடலாம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் உள்ள இரும்பு 3 அல்லது 4 கிராம். நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே புதிதாக உள்ளே போகிறது, அதுவும் குடல் வழியாக. தோல்மேல் கிடக்கும் கல்லிலிருந்து இரத்தத்துக்கு ஒன்றும் போகாது. எங்கள் சித்த வைத்தியம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருந்திருக்கிறது. அயச்செந்தூரத்தையும் அன்னபேதிச் செந்தூரத்தையும் அது உள்ளுக்குத்தான் கொடுத்தது, கையில் கட்டச் சொல்லவில்லை. இனி, 'காந்த ஹெமற்றைற்' என்று விற்கப்படுவது அநேகமாக ஹெமற்றைற்றே அல்ல. தொழிற்சாலையில் செய்த ஃபெரைற் காந்தம். இயற்கையான கல்லின் காந்தம் மிகப் பலவீனமானது. காந்தம் இரத்தத்தின் இரும்பை இழுத்து ஓட்டத்தைக் கூட்டுகிறது என்பவர்கள், அதைவிட எத்தனையோ மடங்கு பலமான 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் போன மனிதர்கள் எப்படி முழுதாக வெளியே வருகிறார்கள் என்று யோசிக்கலாம். இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முடக்குவாதம் உள்ள 70 பேர் ஐந்து மாதங்களாக காந்தப் பட்டி, வலுக்குறைந்த காந்தப் பட்டி, காந்தம் நீக்கிய பட்டி, செம்புக் காப்பு நான்கையும் மாறிமாறி அணிந்தார்கள். வெறும் பட்டிக்கும் காந்தத்துக்கும் செம்புக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை.

ஆகவே உண்மை எது என்பது என் கேள்வியல்ல. பொய்யென்று எனக்குத் தெரிந்த ஓர் ஆறுதலை இன்னொருவரின் கையிலிருந்து கழற்ற எனக்கு உரிமை உண்டா? அல்லது, கழற்றாமல் விட உரிமை உண்டா?

எங்கள் தலைமுறையில் பலருக்கு முதற் பதிலைத் தந்தவர் ஆபிரகாம் கோவூர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்தவர், அற்புதம் செய்துகாட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாகச் சவால் விட்டவர், 1978இல் மறையும்வரை அந்தப் பணத்தை இழக்காதவர். கோவூரை வாசித்தவனுக்குத் தாயத்தைக் கண்டால் கை துருதுருக்கும். புலம்பெயர்ந்து வந்து, ராசிக்கல் மோதிரங்களும் நூல் கட்டும் சாமிமாரும் எங்களுக்கு முன்னமே விமானம் ஏறி வந்திருப்பதைக் கண்டபோது அந்தத் துருதுருப்புக் கூடியது. அதை நான் தவறென்று சொல்லவில்லை. ஆனால் கோவூரின் சவால் அற்புதத்தை விற்பவனை நோக்கியது, வாங்கியவளை நோக்கியதல்ல என்பதை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

வைத்தியசாலைகளில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கப் போவது சில வருடங்களாக என் வேலைகளில் ஒன்று. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அக்கா. விடியற்காலை நாலு மணிக்கு அலுவலகங்கள் துப்புரவாக்கப் போகிறவர். களைப்பு, தலைச்சுற்று, கால் உளைவு. 'உளைவு' என்ற சொல்லை ஜேர்மன் மொழிக்குள் கொண்டுபோவது எவ்வளவு கஷ்டம் என்பது மொழிபெயர்த்தவர்களுக்குத்தான் தெரியும். நோவு வேறு, உளைவு வேறு. பரிசோதனையில் இரும்புச் சேமிப்பு மிகக் குறைவு. முன்பு கொடுத்த குளிசைகளை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டிருந்தார். கையில் ஒரு கறுப்புக் கல் சங்கிலி. மேல்வீட்டில் தனியாக இருக்கும் ஜேர்மன் மூதாட்டி நத்தாருக்குக் கொடுத்தது. இரத்தத்துக்கு நல்லதாம்.

வைத்தியர் இளைஞர். 'இது வெறும் கல், முட்டாள்தனம் என்று சொல்லுங்கள்' என்றார். மொழிபெயர்ப்பாளன் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வரவில்லை.

"கல்லெண்டு எனக்குத் தெரியாதே தம்பி? கோயில்ல இருக்கிறதும் கல்லுத்தானே. மேல்வீட்டு மனுசி கிழமைக்கொருக்கா வந்து இந்தக் கையைப் பிடிச்சு இப்ப எப்பிடியெண்டு கேக்குது. குளிசை அப்பிடிக் கேக்குமே?"

அதையும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். வைத்தியர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, அதுவரை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: குளிசையை எப்போது, எதோடு எடுத்தீர்கள்? சாப்பிட்ட கையோடு, பிளேன்ரீயோடு. தேயிலையில் உள்ள பொருட்கள் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்பதை அன்றுதான் அந்த அக்காவுக்கு ஒருவர் விளங்கப்படுத்தினார். தேயிலைத் தேசத்திலிருந்து வந்த எங்களுக்கு இதை இத்தனை காலம் யாரும் சொல்லாதது வேறு கதை. இரும்புக் குறைவுள்ள பெண்களில், தினமும் எடுப்பதைவிட ஒன்றுவிட்ட ஒருநாள் எடுக்கும்போது குளிசையின் இரும்பு கூடுதலான வீதத்தில் உறிஞ்சப்படுகிறது என்று 2017இல் சூரிச் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவ்வாறே எழுதிக் கொடுத்தார். வயிற்றுக்கும் அது கொஞ்சம் லேசு. கல்லைப் பற்றி அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அது கையிலேயே இருந்தது.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே வள்ளுவரிடம் போவார்கள், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கத்தக்கது என்று. வசதியான குறள், எல்லோரும் அதன் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 'குற்றமற்ற' என்பதுதான் அதிலே கடினமான நிபந்தனை. குளிசைப் பெட்டி லாச்சிக்குள் கிடக்க, கையில் கல் மினுங்குமானால் அந்த நன்மை குற்றமற்றது அல்ல. பிளேட்டோவும் தன் 'குடியரசு' நூலில் பொய்யை மருந்துக்கு ஒப்பிட்டு, அதை வைத்தியர்களைப் போன்றவர்கள் மட்டுமே கையாளலாம் என்கிறார். ஆட்சியாளருக்கும் அந்த உரிமையைக் கொடுத்துவிடுகிறார். ஆட்சியாளர்களின் 'மருந்து' எப்படியிருக்கும் என்று அனுபவித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த உவமை இனிக்காது.

பிளேட்டோவின் இன்னொரு உரையாடலில், தலைவலிக்கு ஓர் இலை இருக்கிறது, ஆனால் மந்திரம் சொல்லாமல் கொடுத்தால் இலை வேலை செய்யாது என்று சோக்கிரட்டீஸ் சொல்கிறார். ஐந்து நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்த வைத்தியர் கேலன் எதிர்ப்பக்கம் போனார். வயிற்றுக்கு நல்லதென்று உருவம் செதுக்கி அணிந்த பச்சை ஜாஸ்பர் கல்லை எடுத்து, உருவம் செதுக்காமலும் அணிவித்துப் பார்த்து, செதுக்கல் தேவையில்லை, வெறுங்கல்லே போதும் என்று எழுதினார். பாதித் தூரம் வந்த விஞ்ஞானி. மந்திரத்தைக் கழற்றியவர் கல்லைக் கழற்றிப் பார்க்கவில்லை. கல்லையும் கழற்றினால் எஞ்சியிருப்பது என்ன? என் எண்ணத்தில், கையைப் பிடித்துப் பார்த்த மேல்வீட்டு மனுசி.

இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சல்ல. பொஸ்ரனில் ஆஸ்துமா நோயாளரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உண்மையான மருந்தை உறிஞ்சியவர்களும், மருந்தில்லாத போலிக் குழாயை உறிஞ்சியவர்களும், போலி அக்குபங்சர் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் 'சுகமாயிருக்கிறது' என்றார்கள். எதுவும் பெறாமல் காத்திருந்தவர்கள் சொன்னதைவிட அது இரண்டு மடங்கு. ஆனால் நுரையீரல் வெளியேற்றிய காற்றை அளந்தபோது, உண்மை மருந்தில் 20 வீத முன்னேற்றம், மற்றெல்லாவற்றிலும் 7 வீதமளவில். மனிதன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு ஆறுதல் கிடைத்தது மெய். நுரையீரலுக்குத்தான் அது கேட்கவில்லை. இரத்தமும் அப்படித்தான். நோவு ஓரளவுக்குப் பேச்சைக் கேட்கும்; ஹீமோகுளோபின் கேட்காது. அதற்கு முந்திய வருடம் வெளியான வேறோர் ஆய்வில், குடற்கோளாறு உள்ளவர்களிடம் 'இதில் மருந்தே இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். அப்படியிருந்தும் 59 வீதமானோர் போதிய சுகம் கண்டதாகச் சொன்னார்கள். மாத்திரை பெறாதவர்களில் 35 வீதம். ஆகவே ஆறுதலுக்குப் பொய் அவசியம் என்ற வாதமும் அவ்வளவு பலமானதல்ல. அக்காவுக்குத் தன் கையில் இருப்பது கல்லென்று தெரிந்தேயிருந்தது.

அதனால் கேள்வி கல்லைவிட்டு, அதைத் தருகிற கைக்குப் போகிறது. மேல்வீட்டு மூதாட்டி தந்தது பரிசு. அவர் சொன்னது பிழை, ஆனால் அந்தப் பிழைக்குப் பின்னால் அவர் மாடிப்படி இறங்கி வந்துகொண்டேயிருந்தார். சந்தையில் காகிதத்தோடு விற்பவரும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்; அவர் ஒருநாளும் கதவைத் தட்டமாட்டார். எங்கள் கடைத்தெருக்களில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் காந்தக் காப்பு விற்பவர்களும் இந்த இரண்டாம் வகைதான். தமிழர் என்பதற்காகவோ, சங்கத்துக்குக் காசு தருகிறார் என்பதற்காகவோ அவர்களைக் கேள்வி கேட்காமல் விடுகிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. முட்டாள்தனம் என்ற சொல்லை நான் ஒருவருக்காக மொழிபெயர்த்தேயாக வேண்டுமென்றால், அது அவர்களுக்காக இருக்கட்டும். அதுகூடப் பொருந்தாது, அவர்கள் முட்டாள்களல்ல.

விற்பனை என்று வந்துவிட்டால், கல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பர்லாந்துப் பகுதியில், எக்ரிமன்ற் போன்ற ஊர்களில், ஹெமற்றைற் தாதுவைத் தோண்டியவர்கள் தலைமுதல் கால்வரை சிவந்துபோய்ச் சுரங்கத்திலிருந்து ஏறி வந்தார்கள். இறந்தபின் வெட்டிப் பார்த்த நுரையீரல்களும் சிவப்பாகவே இருந்தன. அந்த நோயை 1934இல் வைத்தியர்கள் விரிவாக எழுதிவைத்தார்கள். 1970இல் வந்த ஆய்வு, நிலத்தடியில் வேலை செய்தவர்களில் நுரையீரற் புற்றுநோய் மரணங்கள் எதிர்பார்க்கத்தக்கதைவிடக் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் என்ற கல்லின் தாது அவர்களுக்குச் செய்தது இது. நகைக்காக அல்ல, உருக்குக்காகத்தான் அவர்கள் தோண்டினார்கள் என்பது உண்மை. ஆனால் நகைக்கல் பட்டறைகளின் கதையும் இதற்கு வெகுதூரமில்லை. ஜேர்மனியில் நாஹே ஆற்றங்கரையில் உள்ள இடார்-ஓபர்ஷ்ரைன் நகரத்தில், அகேற் கல் தீட்டியவர்கள் நீர்ச்சில்லு சுழற்றும் பிரமாண்டமான மணற்கல் சக்கரத்தின் முன்னால் வயிற்றில் குப்புறப் படுத்து, கால்களை உதைத்து ஊன்றி, கல்லை அதில் அழுத்திப் பிடித்தார்கள். முகம் தூசிக்கு நேரே. நெஞ்சுநோய் அந்தத் தொழிலின் பகுதியாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பஞ்சம் பிழைக்கமுடியாமல் பிரேசிலுக்குக் கப்பலேறியவர்கள்தான், அங்கே அகேற் குவிந்து கிடப்பதைக் கண்டு ஊருக்கு அனுப்பி, ஊரின் தொழிலை மீட்டார்கள்.

அந்த நகரத்தில் பழைய பட்டறை ஒன்றைப் பார்வையாளருக்காக இன்றும் ஓடவிடுகிறார்கள். தீட்டுபவர் படுக்கும் சாய்பலகையையும் காணலாம். குஜராத்தின் கம்பாத்தில் அகேற் மணி தீட்டுபவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, மின்சாரச் சக்கரத்தில் தீட்டுகிறார்கள். அவர்களிடையே சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோயை இந்திய வைத்திய ஆய்வாளர்கள் பல தடவை பதிவு செய்திருக்கிறார்கள். வேலை பெரும்பாலும் வீட்டிலேயே நடப்பதால், சக்கரத்தைத் தொடாத மனைவி பிள்ளைகளின் மூச்சிலும் அந்தத் தூசி போகிறது.