"நம்ம ஆளு" மேலே போனால்...

நம்மவர் ஒருவர் பதவிக்கு வந்தால் முதல் வாரம் மாலை, பொன்னாடை. ஆறு மாதம் கழித்து ஒரே கேள்விதான்: "நம்ம ஆளுதானே, நமக்கு என்ன செஞ்சாரு?" கோயில் திருவிழாவில் கேட்கிறோம், கல்யாண மண்டபத்தில் கேட்கிறோம், வாட்ஸ்அப் குழுவில் தினமும் கேட்கிறோம். ஆனால் இந்தக் கேள்வியே சரிதானா என்று யாரும் யோசிப்பதில்லை. நண்பர்களே, நம்மில் ஒருவர் மாநில அரசாங்கம் வரைக்கும் உயர்ந்தால் அவரிடம் எதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு? எதைக் கேட்கக் கூடாது?

பொதுவாகப் பேசாமல் ஓர் உண்மையான உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2007 அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தபோது, ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. நவம்பர் 25ஆம் தேதி ஹிண்ட்ராஃப் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கோலாலம்பூர் தெருக்களில் இறங்கினார்கள். டிசம்பர் 13ஆம் தேதி உதயகுமார், மனோகரன், கெங்காதரன், வசந்தகுமார், கணபதிராவ் ஆகிய ஐந்து பேரும் இசா சட்டத்தில் கைதாகி கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. நம்மில் பலர் அப்போது பாலர் பள்ளிக்குக்கூடப் போகாத குழந்தைகள். ஆனால் நம் அப்பா அம்மாவைக் கேட்டால் அந்த நாட்களை இன்றைக்கும் விவரமாகச் சொல்வார்கள்.

2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் கமுந்திங்கில் அடைபட்டிருந்தபடியே மனோகரன் கிள்ளானில் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். கணபதிராவ் 2009 ஏப்ரலில் விடுதலையானார். 2013இல் அதே கோத்தா ஆலாம் ஷாவில் ஜசெக வேட்பாளராக நின்று ஜெயித்து, சிலாங்கூர் ஆட்சிக்குழு உறுப்பினர் ஆனார். 2018இல் கோத்தா கெமுனிங் தொகுதியில் வென்று மீண்டும் ஆட்சிக்குழுவுக்குப் போனார். 2022இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினர். ஒரு ஆலயம் உடைபட்டதைத் தட்டிக் கேட்டவர்களில் ஒருவர், ஆறே வருடத்தில் அந்த மாநிலத்தின் ஆட்சிக்குழுவில் உட்கார்ந்தார். இடையில் 2008இல் ஆட்சியே மாறியிருந்தது என்பது வேறு விஷயம். அவர் நல்லா செய்தாரா இல்லையா என்று மதிப்பெண் போட நான் இதை எழுதவில்லை. மறியலில் நின்றவர் கையில் அரசாங்க முத்திரை வந்துவிட்டால், அவருடைய தர்மம் மாறுமா மாறாதா? என் கேள்வி அதுதான்.

முதலில் அந்த முத்திரைக்கு எவ்வளவு பலம் என்று பார்ப்போம். சிலாங்கூர் சட்டமன்றத்தில் 56 தொகுதிகள். மந்திரி புசாரைத் தவிர பத்து ஆட்சிக்குழு உறுப்பினர்கள். நம் அரசமைப்புச் சட்டப்படி கல்வி மத்திய அரசாங்கத்தின் கையில். நிலமும் ஊராட்சி மன்றங்களும் மாநிலத்தின் கையில். அதனால் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் போதவில்லை என்றால் மாநில ஆட்சிக்குழு உறுப்பினரால் ஆசிரியரை அனுப்ப முடியாது. மானியம் தரலாம், நிலம் கிடைக்க வழி செய்யலாம். கோயில் விஷயத்தில் அப்படி இல்லை. தோட்டத்துக் கோயில்கள் பல, தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் எழுந்தவை. தோட்டத்தை விற்று வீடமைப்பு வந்ததும் பட்டா இல்லாத கோயில் "சட்டவிரோதக் கட்டடம்" ஆகிவிடுகிறது. அதைக் காப்பாற்றுவது மாநிலத்தின் கையெழுத்துதான். ஆக, அந்தப் பதவி சின்ன விஷயம் இல்லை.

இப்போது தர்மத்துக்கு வருவோம். "நம்ம ஓட்டில் போனவர், நமக்குத்தான் முதலில் செய்யணும்" என்று ஒரு பக்கம். "பதவிக்குப் போனபிறகு அவர் எல்லாருக்கும் பொது, இனத்தைப் பற்றிப் பேசவே கூடாது" என்று இன்னொரு பக்கம். இரண்டையும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே சாப்பாட்டு மேசையில் என் நண்பர்கள் வாயால் கேட்டிருக்கிறேன்.

முதல் வாதத்துக்கு மகாபாரதமே பதில் வைத்திருக்கிறது. கீதையின் முதல் சுலோகத்தில் திருதராஷ்டிரன் போர்க்களத்தில் என்ன நடந்தது என்று சஞ்சயனைக் கேட்கிறான். கேட்கும்போதே தன் பிள்ளைகளைத் தனியாகவும் தம்பி பிள்ளைகளைத் தனியாகவும் பிரித்துத்தான் கேட்கிறான். அவன் இரண்டு தரப்புக்கும் அரசன். ஆனாலும் "என்னுடையவர்கள்" என்ற எண்ணம் அவனை விடவில்லை. அவனுக்குக் கண் தெரியாதது குருகுலத்தை அழிக்கவில்லை. அந்த எண்ணம்தான் அழித்தது. திருக்குறளில் செங்கோன்மை அதிகாரம் தொடங்குவதும் இதே இடத்தில்தான்: ஆராய்ந்து, யார் பக்கமும் சாயாமல் செய்வதே முறை என்கிறார் வள்ளுவர்.

2007இல் நாம் எதற்காகக் கோபப்பட்டோம்? நம் ஆலயத்தை நியாயமான கண்ணோடு பார்க்கவில்லை என்பதற்காகத்தானே? அப்படியிருக்க, நம் ஆள் பதவிக்கு வந்ததும் "நீ நம்ம பக்கம் சாய்ந்துகொள்" என்று சொன்னால், அன்றைக்குக் கேட்ட நியாயத்தை நாமே கைவிடுகிறோம். சாய்வது தவறு என்றால் யார் பக்கம் சாய்ந்தாலும் தவறுதான்.

"தம்பி, இதெல்லாம் படிக்க நல்லாயிருக்கு. மத்தவங்க எல்லாரும் அவங்கவங்க இனத்துக்குத்தானே செய்றாங்க? நாம மட்டும் தர்மம் பேசிக்கிட்டு ஓரமா நிக்கணுமா?" என்று ஒரு அண்ணன் கேட்பார். இது லேசான கேள்வி இல்லை. அரசியலே இனக்கணக்கில் ஓடும் நாட்டில் பாரபட்சம் பார்க்காமல் நிற்பது இளிச்சவாயத்தனம்போலத்தான் தெரியும். இரண்டாவது வாதம் இந்த அண்ணனுக்குப் பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி செய் என்றால், ஏற்கெனவே பின்தங்கியவன் பின்தங்கியபடியே இருப்பான்.

இதற்கு எனக்கு வழி காட்டியது எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் வெர்னியர் காலிப்பர். எஸ்பிஎம் இயற்பியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காலிப்பரின் வாயை முழுக்க மூடினால் அளவு சுழியத்தில் நிற்க வேண்டும். சிலதில் நிற்காது; அதைச் சுழிப்பிழை என்கிறோம். பிழை உள்ள கருவியால் எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி அளந்தால் எல்லா அளவும் தப்பாகத்தான் வரும். அதனால் பிழை எவ்வளவு என்று பார்த்து அதைக் கூட்டியோ கழித்தோ திருத்துகிறோம். இதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. ஆனால் எனக்குப் பிடித்த விடை வரணும் என்று நானே ஒரு எண்ணைச் சேர்த்தால் அது மோசடி.

திருத்தமும் சலுகையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட மூன்று கேள்விகள் போதும். பிழையை அளந்து பார்த்தோமா, இல்லை சும்மா சொல்கிறோமா? இதே நிலையில் வேறு இனத்தான் இருந்தால் அவனுக்கும் இதே திருத்தம் உண்டா? பிழை சரியானதும் திருத்தம் நிற்குமா?

சிலாங்கூர் அரசாங்கம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பேருந்துக் கட்டண உதவி கொடுத்து வந்திருக்கிறது. தோட்டங்கள் மூடி மக்கள் சிதறிய பிறகு பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டது. அந்தத் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கலாம், குடும்ப வருமானத்தை ரிங்கிட்டில் பார்க்கலாம். இதே தூரமும் இதே வறுமையும் உள்ள ஒரு மலாய்க் கம்பத்துப் பிள்ளைக்கும் ஓர் ஓராங் அஸ்லி பிள்ளைக்கும் உதவி வேண்டும் என்று நாம் மனசாரச் சொல்ல முடிந்தால், நாம் கேட்பது திருத்தம். "அவன் நம்ம ஆளு, என் மச்சானுக்கு ஒரு குத்தகை வாங்கிக் கொடுக்கட்டும்" என்றால் அது சலுகை.

காமராஜரை நினைத்துப் பாருங்கள். விருதுநகரில் பிறந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர். அவர் பிறந்த நாடார் சமூகத்தை ஒரு காலத்தில் பெரிய கோயில்களுக்குள் விட்டதில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவு அவர்களுக்குத் திறந்ததே 1939இல்தான். பழைய கணக்கு தீர்க்க அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவரோ பசியைக் கணக்கில் எடுத்தார். மதிய உணவுத் திட்டத்தில் பசித்த பிள்ளைகள் எல்லாரும் சாப்பிட்டார்கள். அவர்களோடு அவர் சமூகத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இன்னொன்று. போராடுகிறவரின் வேலை ஒரு தரப்பின் வலியை உரக்கச் சொல்வது. அங்கே அவர் சமநிலை பார்க்கத் தேவையில்லை. பதவியில் இருப்பவரின் வேலை எல்லாத் தரப்பையும் கேட்டு முடிவெடுப்பது. ஹிண்ட்ராஃப் தலைவர்களே வெவ்வேறு வழியில் போனார்கள். வேதமூர்த்தி 2013இல் துணையமைச்சராகி, 2014இல் பதவி விலகி, 2018இல் அமைச்சரானார். உதயகுமார் தேச நிந்தனை வழக்கில் சிறைக்குப் போனார். உள்ளே போனவரை "துரோகி" என்றும், வெளியே நின்றவரை "பிழைக்கத் தெரியாதவர்" என்றும் ஒரே வாயால் சொல்கிறோம். இரண்டு வேலையும் ஒரு சமுதாயத்துக்கு வேண்டும். ஆனால் ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அப்படியென்றால் பதவிக்குப் போனவர் நமக்கு எதுவுமே கடன்பட்டவர் இல்லையா? கடன்பட்டவர்தான். நம்மைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. ஆனால் நம்மை விட்டுவிடக் கூடாது. எவ்வளவு மானியம் வந்தது, யாருக்குப் போனது, எந்தக் கோயில் நில விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று எல்லார் முன்னாலும் கணக்குச் சொல்ல வேண்டும். மூடிய அறையில் செய்யும் உதவிக்குக் கணக்கு இருக்காது. கணக்கு இல்லாத இடத்தில் திருத்தமும் சலுகையாக மாறிவிடும்.

நமக்கும் பங்கு உண்டு. 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதிலிருந்து நம் கவுன்சிலர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசாங்கம் நியமிக்கிறது. அதனால் கேள்வி கேட்கும் பழக்கமே நமக்கு விட்டுப்போச்சு. சிபாரிசுக் கடிதம் கேட்கும் பழக்கம் மட்டும் நல்லா வளர்ந்திருக்கு. இளைஞர் மன்றங்கள் இதை மாற்றலாம். உங்கள் வட்டாரத்தில் எத்தனை கோயில்களுக்குப் பட்டா இல்லை? எந்தத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறார்கள்? ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். அடுத்த முறை ஓர் ஆட்சிக்குழு உறுப்பினர் உங்கள் நிகழ்ச்சிக்கு வந்தால், மாலையோடு அந்தப் பட்டியலையும் கையில் கொடுங்கள்.

அப்போது "நமக்கு என்ன செஞ்சாரு?" என்று யாரும் புலம்ப வேண்டியதில்லை. "இந்தப் பிழை இவ்வளவு இருக்கு, எப்போ திருத்துவீங்க?" என்று நேராகவே கேட்கலாம். அந்தக் கேள்வியை யார் பதவியில் இருந்தாலும் கேட்கலாம். அவர் நம்ம ஆளாகத்தான் இருக்கணும் என்று அவசியமே இல்லை.