கண்டதும் கருதியதும்

வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக ஒளிரும் எரிகல்லை வானியலார் தீக்கோளம் என்பர். நொடிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று மண்டலத்துள் நுழையும் பாறைத் துண்டு, தன் முன்னுள்ள காற்றை அழுத்திச் சூடேற்றி, அந்த வெப்பத்தில் தானும் உருகி ஆவியாகும்போது தோன்றும் இவ்வொளி சில நொடிகளில் அணைந்துவிடுவதால், அந்நேரத்தில் தற்செயலாக வானை நோக்கியிருந்தவர் மட்டுமே அதற்குச் சாட்சி. மீண்டும் காட்டி மெய்ப்பிக்க இயலாத ஒன்றைக் கண்டவர் எதுவரை சொல்லலாம், கேட்பவர் எதை நம்பலாம் என்பது அன்றாட வாழ்விலும் எழும் கேள்வியே.

வானிலிருந்து கல் விழுந்ததாக உழவர்கள் சொன்னதை 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர் பலர் பாமரரின் கற்பனை என்று ஒதுக்கினர். பிரான்சின் லூசே என்னும் ஊரில் 1768இல் விழுந்த கல்லை ஆராய்ந்த குழுவினர், லவாய்சியர் போன்ற மேதை தம்மிடையே இருந்தும், அது மின்னல் தாக்கிய நிலத்துக் கல்லே என்று முடிவுகட்டினர். கல்லைச் சோதித்த அக்கறையில் ஒரு பங்கையேனும் அவர்கள் கண்டவர்களின் சொல்லுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த அக்கறையைக் காட்டியவர் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கிளாட்னி. 1791இல் கெட்டிங்கன் நகரில் தீக்கோளம் ஒன்றை நேரில் கண்ட இயற்பியலாளர் லிக்டன்பெர்குடன் உரையாடிய பின், அவர் அந்நகர நூலகத்தில் மூன்று வாரம் அமர்ந்து பழைய பதிவுகளைத் திரட்டினார். சட்டம் பயின்றவராதலால் அவற்றை வழக்குமன்றச் சாட்சியங்களைப் போலவே எடைபோட்டு, ஒருவரையொருவர் அறியாத, வெவ்வேறு காலத்து மனிதர்கள் ஒரே விதமான ஒளியையும் வெடியோசையையும் கருகிய மேற்புறமுடைய கற்களையும் சொல்வதால் அவர்கள் கூற்று மெய்யே என்று 1794இல் நூல் எழுதினார். ஏளனமே முதலில் கிடைத்தது. 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சின் லேகிள் பகுதியில் ஏறத்தாழ 3,000 கற்கள் பொழிந்தபோது, இளம் அறிவியலாளர் பியோ அங்கு சென்று ஊர் ஊராகப் பலதரப்பட்ட மக்களை விசாரித்து அறிக்கை எழுதிய பிறகே அறிஞருலகம் இணங்கியது.

எனினும் கண்டவர் சொல் முழுவதும் கண்டதாகாது. பெரும்பாலான தீக்கோளங்கள் 20 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திலேயே அணைந்துவிட, எஞ்சும் கல் ஒளியின்றித்தான் தரைக்கு வருகிறது. ஆயினும் பார்த்தவர் பலர், பக்கத்துத் தோப்புக்குப் பின்னால் விழுந்தது என்று உறுதியாகச் சொல்வர். அது பொய்யன்று. இருண்ட வானில் தனித்த ஒளியின் தொலைவை அளக்கக் கண்ணுக்கு ஆதாரம் எதுவுமில்லாததால், மனம் தானே ஒரு தொலைவைக் கற்பித்துக்கொள்கிறது. நண்பரைப் பற்றியும் அயலாரைப் பற்றியும் மனிதர் அளிக்கும் தீர்ப்புகளில் எத்தனை இத்தகைய தோப்புகள் உள்ளனவோ!

ஆகவே தீக்கோளத்தைக் காண நேர்பவர் நின்ற இடத்திலேயே நின்று, அது தோன்றிய இடத்தையும் மறைந்த இடத்தையும் மரம், கூரை போன்ற அடையாளங்களோடு பொருத்தி மனத்தில் கொள்க. 60 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஓசை வந்துசேர மூன்று நிமிடமாகும் என்பதால், ஐந்து நிமிடமேனும் காத்திருந்து கேட்க. பிறரிடம் பேசுமுன், கண்டதை மட்டும் நேரத்தோடு எழுதி வைக்க.