மெய்யான எண்ணுக்கு யார் விலை கொடுப்பது?

கூடுதலாகத் தடுப்பூசி போடப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர். ஏழை நாடுகளின் தடுப்பூசித் திட்டங்களுக்கு உதவுவதற்காக 2000-இல் தொடங்கப்பட்ட 'காவி' கூட்டமைப்பு வகுத்த கணக்கு அது. நிதியில் பெரும்பங்கு வளர்ந்த நாட்டு அரசுகள் தந்தது. முத்தடுப்பூசியின் மூன்று தவணையும் முடித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று பணம் பெறும் நாடு எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கை கூடினால் பணமும் கூடியது. 51 நாடுகள் அனுப்பிய அறிக்கைகளை வீடுவீடாக எடுத்த கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2008-இல் 'லான்செட்' இதழில் வந்தது. அரசுகளின் கணக்குப்படி கூடுதல் குழந்தைகள் சுமார் 1 கோடியே 39 லட்சம். கணக்கெடுப்புகளின் மதிப்பீட்டில் தேறியது 74 லட்சம்.

இதை அறிக்கை எழுதியவர்களின் பொய் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இங்கே பணநட்டத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. ஊசி போட்டாயிற்று என்று பதிவேட்டில் ஏறிவிட்ட குழந்தையைத் தேடிக்கொண்டு யாரும் போகமாட்டார்கள். அந்தக் குழந்தைக்கு இழைக்கப்படும் அநீதியில், எண்ணுக்கு விலை வைத்தவருக்குப் பங்கில்லையா?

கணக்கே கேட்காமல் விட்டுவிடலாமா என்றால், அதுவும் அறமாகாது. மானியம் மக்கள் பணம். கேட்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1996 ஏப்ரலில் இந்திய அரசு குடும்பநலத் திட்டத்தில் மேலிருந்து இலக்கு விதிக்கும் முறையைக் கைவிட்டது. நெருக்கடிநிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடைகளை அறிந்த எவரும் அந்த முடிவைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் சில வட மாநிலங்களில் இலக்கு போனதும் வேலையும் தொய்ந்தது. இலக்குக்காக மட்டுமே பழகிய நிர்வாகத்துக்கு, அது இல்லாதபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. சேவை கிடைக்காமல் போனவர்கள் ஏழைப் பெண்கள்தாம்.

ஆகவே எதைக் கணக்குக் கேட்பது, அந்தக் கணக்கை என்ன செய்வது என்பதில்தான் அறக்கேள்வி இருக்கிறது. 2005-இல் வந்த ஜனனி சுரக்ஷா யோஜனா, மருத்துவமனையில் பிள்ளை பெறும் தாய்க்கும் அவரை அழைத்துவரும் ஆஷா பணியாளருக்கும் பணம் தந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி மருத்துவமனைப் பிரசவங்கள் 2005-06-இல் 38.7 சதவீதம், 2015-16-இல் 78.9 சதவீதம். பெரிய மாற்றம்தான். எனினும் ஒன்பது மாநிலங்களை எடுத்துக்கொண்ட 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, மருத்துவமனைப் பிரசவங்கள் கூடியதற்கும் தாய் இறப்பு குறைந்ததற்கும் தெளிவான தொடர்பைக் காணவில்லை. பணம் மருத்துவமனை வாசலைக் கடப்பதற்குத் தரப்பட்டது. கடந்த பிறகு ரத்தம் கையிருப்பில் இருந்ததா, மயக்க மருந்து கொடுக்க ஆள் இருந்ததா என்பது அந்தப் பணத்துக்கான நிபந்தனையில் இல்லை.

தாய் இறப்பைப் பதியும்போது இந்தச் சிக்கல் கூர்மையாகிறது. தாய் இறந்த செய்தியை முதலில் எழுத வேண்டியவர் பெரும்பாலும் துணை சுகாதார நிலையத்தில் தனியாளாக வேலை பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர். எழுதினால் 'உன் ஏரியாவில் எப்படி நடந்தது?' என்ற கேள்வி முதலில் அவர்மேல்தான் விழும். எழுதாமல் விட்டால், வேறு காரணத்தால் இறந்தார் என்று எழுதிவிட்டால், யாருக்கும் தொல்லையில்லை.

இந்த அச்சத்தை உணர்ந்து செயல்பட்ட மாநிலம் தமிழ்நாடு. ஒவ்வொரு தாய் இறப்பையும் தணிக்கை செய்தாக வேண்டும் என்று 2004-இல் இங்கே ஆணை வந்தது. இறந்தவரின் வீட்டிலும் சிகிச்சை நடந்த இடத்திலும் விசாரிப்பார்கள். காரணத்தைக் கண்டறிவதே நோக்கம், குற்றவாளியைப் பிடிப்பதல்ல என்பது அடிப்படை விதி. எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது, ரத்தம் ஏன் கிடைக்கவில்லை, வண்டி ஏன் வரவில்லை என்று கேட்கக் கேட்க, சீமாங் எனப்படும் அவசரகால மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்களையும் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களையும் எப்படி நடத்த வேண்டும் என்பதும் தெளிவானது. 2004-06-இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 111 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம் 2018-20-இல் 54 ஆனது. தணிக்கை மட்டுமே இதைச் சாதிக்கவில்லை. ஆனால் இறப்பை மறைத்திருந்தால் எங்கே சரிசெய்வது என்பதே தெரிந்திருக்காது. 2010-இல் நடுவண் அரசும் இதே போக்கில் நாடு முழுமைக்குமான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இங்கும் அந்த விதி எப்போதும் காக்கப்படவில்லை. தணிக்கைக் கூட்டங்கள் குற்ற விசாரணைபோல நடத்தப்படுவதாகத் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களே குறை கூறியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை அலட்சியப்படுத்துவது ஆபத்து. 'ஆடிட்' என்றாலே நடுங்கும் மருத்துவர், உயிருக்குப் போராடும் தாயைத் தன் கையில் வைத்துக் காப்பாற்றப் பார்ப்பதைவிட அவசரமாக வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதே தனக்கு நல்லது என்று நினைக்கத் தொடங்குவார். வழியிலேயே இறக்கக்கூடியவர் அந்தத் தாய்.

பணம் தரும் அரசு தன் பங்குக்குச் செய்யக்கூடியது உண்டு. பெறுபவரின் அறிக்கையைச் சரிபார்க்கத் தனியான கணக்கெடுப்புக்கும் மானியத்திலேயே ஒரு பகுதியை ஒதுக்கலாம். மருந்து இருப்பு, பணியிடம், செலவு ஆகியவற்றுக்குக் கண்டிப்பாகக் கணக்குக் கேட்கலாம். பொய் சொன்னால் பணத்தை நிறுத்தலாம். இறப்பு எண்ணிக்கையை மட்டும் பணத்திலிருந்தும் பதவியிலிருந்தும் பிரித்துவைக்க வேண்டும். இன்று பதிவான இறப்பு கூடிய மாவட்டத்திடம் 'ஏன் கூடியது?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முன்பு எழுதாமல் விட்டவை எத்தனை என்றும் கேட்கலாம். அதற்கு உண்மையான பதில் தந்த செவிலியர்மீது நடவடிக்கை எதுவும் வராது என்று மானிய ஆணையிலேயே எழுதிவைக்கலாம்.