தோலுக்கும் தெரியும் வெளிச்சம்

வெளிச்சம் கண்ணுக்கு மட்டுமே சொந்தம் என்று நாம் பழகிவிட்டோம். தவளையின் தோல் வேறு கதை சொல்கிறது. ஆப்பிரிக்க நகத்தவளையின் தோலிலிருந்து நிறமிச் செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் வெளிச்சம் படவிட்டால், நடுவில் குவிந்து கிடந்த கருநிறத் துகள்கள் செல் முழுக்கப் பரவுகின்றன. அங்கே கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. அப்படியானால் வெளிச்சம் வந்ததை அந்தச் செல்லுக்குச் சொன்னது எது? இக்னேசியோ புரோவென்சியோவும் சகாக்களும் தேடி, 1998-ல் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். மெலனாப்சின் என்று பெயர் வைத்தார்கள்.

ஆப்சின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு இந்தப் புரதங்களுக்குள் வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒளி பட்டதும் அது நிமிரும். உடனே புரதமும் உருமாறும். செல்லுக்கு அதுதான் செய்தி.

ஹாக்ஃபிஷ் என்ற பவளப்பாறை மீனைப் பாருங்கள். ஃபுளோரிடாவில் லோரி ஷ்வைக்கர்ட் என்ற ஆய்வாளர் பிடித்த ஒரு மீன், உயிர் போன பிறகும் படகுத் தளத்தின் நிறத்துக்கு மாறியிருந்தது. அவர் அதை விடவில்லை. வருடக்கணக்கில் அந்தத் தோலை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்ட முடிவு எனக்கு இன்றும் வியப்பு: ஒளியுணர் புரதம் இருப்பது நிறமிச் செல்களுக்கு மேலே அல்ல, நேர் கீழே. நிறமியைத் தாண்டி வரும் ஒளிதான் அதை எட்டும். நிறமி பரவினால் கீழே வரும் ஒளி மாறும், குவிந்தாலும் மாறும். ஆக, தன் நிறம் இப்போது எப்படி மாறியிருக்கிறது என்பதை மீன் தன் தோலாலேயே அறிய வழி இருக்கிறது. தன் முதுகைத் தானே பார்க்க முடியாத உயிருக்கு எத்தனை பெரிய வசதி!

மனிதத் தோலிலும் ஆப்சின்கள் உண்டு. ஆனால் இங்கே நிதானம் வேண்டும். முழங்காலின் பின்புறம் ஒளி பாய்ச்சினால் உடலின் கடிகாரமே நகர்கிறது என்று அதே 1998-ல் ஓர் ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. 2002-ல் கவனமாகச் சோதித்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. தோலில் விளக்கடித்தால் தூக்கம் சீராகும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

நமக்குள் கடிகாரத்தைத் திருத்துவது கண்தான். ஆனால் பார்க்கும் வேலையைச் செய்யும் செல்களை மட்டும் நம்பி அல்ல. தவளைத் தோலில் கிடைத்த அதே மெலனாப்சின், நம் விழித்திரையின் உட்பக்கத்திலும் சில நரம்புச் செல்களில் இருக்கிறது. அந்தச் செல்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002-ல் உறுதியானது. அவை உருவங்களைக் காட்டுவதற்கென்று இருப்பவை அல்ல. பகலா இரவா என்பதை மூளைக்குத் தெரிவிப்பவை. நீலம் கலந்த பகல் வெளிச்சம்தான் அவற்றை அதிகம் எழுப்பும்.

இதன் கனம் பார்வையற்றவர்களிடம் தெரிகிறது. வெளிச்சம் இருப்பதே தெரியாத சிலருக்கும் இரவில் பிரகாசமான விளக்கு காட்டியபோது, இரவு என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறைந்தது என்று சார்ல்ஸ் சைஸ்லரின் குழு 1995-லேயே காட்டியது. கண்ணை மூடி மறைத்தபோது குறையவில்லை. காண முடியாத கண், நேரம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது!

உங்கள் வீட்டில் பார்வை இழந்தவர் இருந்தால், அவருக்கு வெளிச்சம் எதற்கு என்று ஜன்னலைச் சாத்தாதீர்கள். காலை வெயில் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். இரவில் அவர் அறையில் விளக்கை அணைத்துவிடுங்கள். பார்வை போன கண்ணை எடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தால், அது ஒளியை இன்னும் உணர்கிறதா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.