வெந்நீர்க் கூடத்தில்: மர்ராக்கேஷ் குறிப்புகள்

மொராக்கோ நகரான மர்ராக்கேஷின் மதில் சூழ்ந்த பழைய நகரில் வட்டாரந்தோறும் ஒரு பள்ளிவாசல், பொது நீர்த்தொட்டி, பிள்ளைகள் ஓதும் பள்ளி, ரொட்டி சுடும் அடுப்பு, ஹம்மாம் எனும் பொதுக் குளியல் கூடம். 16ஆம் நூற்றாண்டில் ஸஅதி வம்சத்து சுல்தான் அப்துல்லாஹ் அல் காலிப் முவாசின் பள்ளிவாசலை எழுப்பியபோது நீர்த்தொட்டியையும் மதரஸாவையும் குளியல் கூடத்தையும் கூடவே கட்டினார். குளிப்பது அங்கே ஊர்க் காரியம்.

*

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சன்னல் இல்லாத சுவர், தாழ்ந்த வாசல். ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம்; சில ஹம்மாம்களில் தனித்தனிப் பகுதிகள். உடை மாற்றும் அறையைத் தாண்டினால் ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று அறைகள். போகப்போக வெக்கை கூடுகிறது. குவிமாடத்துச் சிறு துளைகள் வழியாகத்தான் வெளிச்சம். கண் பழகக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் காது பழகிவிடுகிறது. வாளி இழுபடும் ஓசை, நீர் கொட்டும் ஓசை, யாரோ இருமுவது.

*

அறைகளின் இந்த வரிசை ரோமானியரிடமிருந்து வந்தது. மொராக்கோவிலேயே வொலுபிலிஸ் இடிபாடுகளில் ரோமானியக் குளியல் கூடங்களைப் பார்க்கலாம். ஜோர்தான் பாலையில் 8ஆம் நூற்றாண்டில் கட்டிய குசைர் அம்ரா மாளிகையில், வெந்நீர் அறையின் குவிமாடம் முழுக்க விண்மீன் கூட்டங்களை வரைந்திருக்கிறார்கள். வியர்த்துக் கிடப்பவன் அண்ணாந்து பார்க்க வானம் வேண்டும் என்று நினைத்த மனம் எவ்வளவு பெரியது!

மொராக்கோ ஹம்மாமில் இறங்கி மூழ்கும் குளம் பெரும்பாலும் கிடையாது. வாளியில் மொண்டு, கிண்ணத்தால் மேலே ஊற்றிக்கொள்ள வேண்டும். ஊற்றிய நீர் தரைச் சரிவில் ஓடி மறைகிறது.

*

முதல் வேலை, சும்மா உட்கார்ந்திருப்பது. கல்தரையின் சூடு தொடை வழியாக ஏறுகிறது. செய்வதற்கு எதுவும் இல்லை, பார்ப்பதற்கும் இல்லை. சிறிது நேரத்தில் உடம்பு தன் எல்லையைத் தளர்த்துகிறது. எங்கே தோல் முடிகிறது, எங்கே ஆவி தொடங்குகிறது என்பது குழம்பிப்போகிறது.

பிறகு கறுப்புச் சோப்பு. ஆலிவும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய குழைவான பசை. பூசி, ஊறவிட்டு, கழுவுகிறார்கள். அதற்குப் பின்தான் தேய்ப்பவர் வருகிறார். கையில் கெஸ்ஸா என்ற சொரசொரப்பான உறை. என் கையைத் தூக்கினார், மடக்கினார், தோளைப் பிடித்துப் புரட்டினார். அழுக்கு சாம்பல் நிறத் திரிகளாக உருண்டு வந்தது. அன்றாடம் குளிக்கிற உடம்பில் இவ்வளவா என்று நான் பார்க்க, அவர் அதைச் சுட்டிக்காட்டித் தலையசைத்துவிட்டு அடுத்துக் காலுக்குப் போனார். எங்களுக்குள் பொது மொழி எதுவும் இல்லை. கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையாக இருந்த என்னைக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டிய கிழவிக்குப் பிறகு வேறொருவர் கை என்னை முழுதாகக் கழுவியதில்லை. உடம்பு அதை மறக்கவில்லை போலும். தோள் தானாக இளகியது.

*

எதிரே ஒரு முதியவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞனிடம் கெஸ்ஸாவை நீட்டினார். அவன் வாங்கி அவர் முதுகைத் தேய்த்தான். முடித்ததும் அவர் அவன் முதுகுப் பக்கம் நகர்ந்தார். தகப்பனும் மகனும் என்றே நினைத்தேன். குளித்து முடித்து, ஒருவரையொருவர் திரும்பிப் பாராமல் வெவ்வேறு சந்துகளில் போனார்கள்.

யார் எந்தத் துறையில் இறங்கலாம், யார் குளத்தில் கால் வைக்கவே கூடாது என்று சாதி பார்த்து வகுத்து வைத்திருந்த ஊர்கள் நம் பக்கம் உண்டு. அந்த அறையில் அது நினைவுக்கு வந்தது, நீங்கவில்லை.

*

ஹம்மாமின் பின்புறம் வேறொரு வாசல். உள்ளே இருட்டும் கரியும் அனலும். அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் மரத்தூளும் விறகுத் துண்டுகளும் தள்ளிக்கொண்டே இருக்கிறார். சாம்பல் மேட்டில் மண்ஜாடிகள் புதைந்திருக்கின்றன. தஞ்சியா: இறைச்சி, பூண்டு, சீரகம், ஊறவைத்த எலுமிச்சை, குங்குமப்பூ. காலையில் வேலைக்குப் போகிறவர் ஜாடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். மணிக்கணக்காகச் சாம்பல் சூட்டில் வேகிறது. ஊரைக் குளிப்பாட்டும் அதே நெருப்பு ஊருக்குச் சமைக்கிறது.

*

ஸ்பெயினில் இரண்டாம் பிலிப்பின் அரசு 1567இல் கிரானடாவின் மொரிஸ்கோக்கள்மீது, அதாவது கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்கள்மீது, விதித்த தடைகளில், அரபு மொழியோடும் உடையோடும் குளியல் கூடமும் இருந்தது. மறு ஆண்டு அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஒரு சமூகத்தைக் கலைக்க விரும்பியவர்களுக்கு அது எங்கே கூடுகிறது என்பது தெரிந்திருந்தது.

*

அண்மை ஆண்டுகளின் இக்கட்டு தண்ணீர். ஆறு ஆண்டுகள் தொடர்ந்த வறட்சியால், 2024 தொடக்கத்தில் மொராக்கோவின் பல நகரங்களில் ஹம்மாம்களை வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன் மூடச் சொன்னார்கள். நாட்டின் நீர்ச் செலவில் ஹம்மாம்களின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். பெரும்பங்கு வேளாண்மைக்குப் போகிறது. வீட்டில் வெந்நீர் வசதி இல்லாதவர்களும், தேய்த்துக் கூலி வாங்குபவர்களும்தான் அந்த மூன்று நாட்களின் சுமையைச் சுமந்தார்கள். இது நியாயமாக எனக்குப் படவில்லை.

அங்கே போகிறவர்கள் விடுதி ஸ்பாவோடு திரும்பிவிட வேண்டாம். வட்டார ஹம்மாமுக்குப் போங்கள். உள்ளாடையைக் களையாதீர்கள், அங்கே வழக்கம் அதுதான். வாளி நீரைச் சிக்கனமாக ஊற்றிக்கொள்ளுங்கள். தேய்த்துவிட்டவருக்குக் கை நிறையக் கொடுங்கள். பின்வாசலுக்குப் போய், அடுப்படியில் நிற்பவருக்கும் கொடுங்கள்.